சரளைக் காட்டுக்குப் போன கன்றுகள்

பனையடிப்பட்டி
4.9.2022

கமலாக்ஷிக்கு,

சந்தனமாரி எழுதுவது. உன் வீட்டில் இருக்கும் ராசப்பனுடைய மனைவி. புருஷன் பேரை நான் எழுத வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை. விலாசம் எப்படிக் கிடைத்தது என்று நினைப்பாய். அவருடைய ஆதார் அட்டையில் உன் வீட்டு விலாசம்தான் இருக்கிறது.

இத்தனை வருஷத்தில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஏசுவதற்குக்கூட எழுதியதில்லை. இப்போதும் அதற்காக எழுதவில்லை.

பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறவர், இந்த ஆடியில் இரண்டு சாக்கு நிறையக் கன்றுகளோடு வந்து இறங்கினார். கொய்யா, சீத்தா, மாதுளை, நாவல். எல்லாம் பால் கவரில் மண் அடைத்து அவரே வளர்த்ததாம். என் அப்பா எனக்குக் கொடுத்த சரளைக் காடு முள் மண்டிக் கிடக்கிறது, அதில் நடப்போவதாகச் சொன்னார். "ஆவணி பாதியில வந்துருதேன். மழைக்கு முந்தி நட்டுருவோம். இனிமே அங்க போகல சந்தனம், போதும்" என்றார். வேலை பார்க்கிற கிடங்கில் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பியவர்தான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

போன் அடித்தால் நீ எடுக்கிறாய். "ஹலோ, ஆரா?" என்று உன் சத்தம் கேட்டதும் வைத்துவிடுகிறேன். கையில் இருந்தால் விரல் அந்த எண்ணுக்கே போகிறது. அதனால் போனை அடுத்த தெருவில் இருக்கும் என் அண்ணன் தங்கதுரையிடம் கொடுத்துவிட்டேன். நீ அதற்குக் கூப்பிடாதே. அண்ணனுக்கு உன் பேரே ஆகாது.

கன்றுகள் வேப்ப மரத்து நிழலில் இருக்கின்றன. கவரைக் கிழித்துக்கொண்டு வேர் வெளியே வந்துவிட்டது. அவரை அனுப்பு. அனுப்ப மனசில்லை என்றால் அதையாவது எழுது. காத்திருப்பது எனக்குப் பழகிப்போனதுதான். ஆனால் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று தெரிய வேண்டும்.

சந்தனமாரி


கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
11.9.2022

மரியாதைக்குரிய சந்தனமாரி அக்காவுக்கு,

கமலாக்ஷி எழுதுகிறேன். நான் பள்ளியில் படித்தது மலையாளம். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் எழுத்து தெரியாது. அதை எனக்குச் சொல்லித் தந்தது ராசப்பேட்டன்தான். தப்பு இருந்தால் பொறுக்க வேண்டும்.

அவரை நான் பிடித்து வைக்கவில்லை. அவர் விழுந்துவிட்டார் அக்கா. ஓணத்துக்கு முந்தின வாரம், காலையில் தெருக்குழாயில் வெள்ளம் பிடித்துக்கொண்டிருந்தார். குடம் உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் பார்த்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். நீங்கள் போனை வைத்த பிறகு நான் திரும்ப அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் வருகிறது. "குழி." காலையில் எழுப்பினால் குழி, கஞ்சி கொடுத்தால் குழி. தன்னைப் புதைக்கும் குழியைச் சொல்கிறார் என்று நினைத்து அடுக்களையில் போய் அழுதேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அது என்ன குழி என்று புரிந்தது. கன்றுகள் வாடாமல் இருக்கிறதாம் என்று காதில் சொன்னேன். இடது கையால் என் கையை அமுக்கினார். இப்போது அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஆமாம் என்றால் அமுக்குவார். இல்லை என்றால் கையை இழுத்துக்கொள்வார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இனிமேல் இங்கே வரமாட்டேன் என்று உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. "கன்னை நட்டு ஒரு மழை பாத்துட்டு விருச்சிகத்துல திரும்பிடுவேன், கமலம்" என்றுதான் சொன்னார். உங்கள் கார்த்திகை மாதம்தான் அது. நான் அதை நம்பித்தான் கன்றுகளுக்குச் சாக்கு தைத்துக் கொடுத்தேன்.

நீங்கள் வந்து அவரைப் பார்க்க வேண்டும். எறணாகுளத்தில் இறங்கி மட்டாஞ்சேரி பஸ். ஜூ டவுன் தாண்டிக் கொச்சங்காடிக்கு நடந்து வந்து, சுக்குக் கிடங்கு கமலாக்ஷி என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

கமலாக்ஷி


பனையடிப்பட்டி
20.9.2022

கமலாக்ஷிக்கு,

என்னை அக்கா என்று எழுதாதே. உன்னோடு பிறந்தவள் இல்லை நான்.

கடிதத்தை வேப்ப மரத்தடியில் வைத்துப் படித்தேன். படித்த பிறகு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

உனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாராம். எட்டாவது வரைக்கும் படித்த எனக்கு, ஊரை விட்டுப் போன இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு காகிதம் எழுதிப் போட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. உனக்கு அ, ஆ சொல்லித் தர நேரம் இருந்திருக்கிறது. பிள்ளை இல்லை என்று இங்கிருந்து போனார். அங்கேயும் பிள்ளை இல்லை. பிறகு எதற்குப் போனார் என்று அவரிடம் ஒரு நாள் கேட்க நினைத்திருந்தேன். இனி எங்கே கேட்பது?

வரச் சொல்கிறாய். என்னவென்று சொல்லிக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்பேன்? நீ படுக்க வைத்த பாயில் அவரைப் பார்த்துவிட்டு, நீ போடும் சோற்றைத் தின்றுவிட்டு வருவதற்கா?

விருச்சிகத்தில் திரும்புவதாக உன்னிடம் சொன்னார் என்கிறாய். நீ பொய் சொல்கிறாய், இல்லை அவர் நம் இரண்டு பேரில் ஒருத்தியிடம் பொய் சொல்லியிருக்கிறார். கை அமுக்கினால் ஆமாம் என்றாயே, கேள். எது நிஜம் என்று கேட்டு எழுது.

இன்னொன்றும் கேள். இந்தக் கன்றுகளை எப்படி நடுவது? காட்டில் ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சரளை. கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கிறது. சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம், கையெழுத்துப் போடு என்று அண்ணன் ஆள் கூட்டி வருகிறார். "எருவுமில்ல, மாடுமில்ல, அங்க என்னத்த முளைக்கும்?" என்கிறார். இவர் ஆடியில் வந்தபோது, கடை உரம் ஒரு பிடிகூட வேண்டாம் என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவர்தான் நடப்போகிறார் என்று இருந்துவிட்டேன். உன் வீட்டுப் பின்னால் வெறும் மணலில் மரங்கள் நிற்கிறதாம், அவரே சொன்னார். அது எப்படி வந்தது என்று நீ பார்த்திருப்பாயே.

சந்தனமாரி


கொச்சங்காடி
29.9.2022

சந்தனமாரி அவர்களுக்கு,

நீங்கள் வேண்டாம் என்றதால் அப்படி எழுதவில்லை. வேறு எப்படி எழுதுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கன்றுகள். வீட்டைச் சுற்றியுள்ள எங்கள் பறம்பு மணலும் ஓட்டுச் சில்லும் இடிந்த சுவரின் செங்கல்லும்தான். நான் பள்ளுருத்தியில் ஒரு மூட்டை உரம் வாங்கலாம் என்றேன். அவர் விடவில்லை. "குழிக்குள்ள மட்டும் நல்லது போட்டா வேரு அங்கயே சுத்திக்கிட்டுக் கிடக்கும், வெளிய போகாது. அது எந்த மண்ணுல நிக்கணுமோ அந்த மண்ணையே போடு" என்றார்.

நான் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் கையை அமுக்கியும் இழுத்தும் சொன்னதை எழுதுகிறேன். குழி ஆழமாக வேண்டாம். கவர் எத்தனை உயரமோ அத்தனை ஆழம். அகலம் மட்டும் அதைப்போல மூன்று பங்கு, தாம்பாளம் மாதிரி. குழியின் பக்கச் சுவரைக் கடப்பாரையால் கொத்திக் கரடாக விட வேண்டும், வழவழவென்று இருந்தால் வேர் ஏறாது. குழியில் வெள்ளம் ஊற்றிப் பாருங்கள். அடுத்த நாளும் நின்றால் அந்த இடம் ஆகாது. கவரைக் கிழித்ததும் சுற்றிக்கொண்ட வேரைப் பிரித்துவிட வேண்டும், பிரியாததை வெட்டிவிட வேண்டும். அதற்குப் பயப்படக் கூடாது. எடுத்த மண்ணையே திருப்பிப் போட்டு மிதிக்காமல் கையால் அமுக்குங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி ஒரு வரப்பு.

பிறகு மேலே மூட வேண்டும். இதுதான் முக்கியம் என்று மூன்று தடவை அமுக்கினார். இங்கே கிடங்கில் கூட்டித் தள்ளும் சுக்குத்தோலும் மிளகுக் காம்பும் கொண்டுவந்து கொட்டுவார். அங்கே ஆவாரை, கொழுஞ்சி, கடலைத் தோடு எது கிடைத்தாலும். தண்டை ஒட்டாமல் ஒரு கை தள்ளி. கரையான் உண்டா என்று கேட்டேன், அமுக்கினார். எருக்கிலையைக் கீழே போட வேண்டுமாம். சுற்றிலும் தட்டப்பயறு விதைத்து, பூக்கும்போது அறுத்து அங்கேயே போடுங்கள். முதல் வருஷம் கன்று பூத்தால் கிள்ளிவிட வேண்டும்.

இதைச் சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவர் முகம் தெளிந்திருந்தது.

பிறகு உங்கள் மற்றக் கேள்வியைக் கேட்டேன். எனக்குக் கேட்க விருப்பமில்லை. ஆனாலும் கேட்டேன். "ஊர்லயே தங்கிடத்தான் போக இருந்தீங்களா?" என்றேன். கை அசையவில்லை. "இல்ல, திரும்பி வரவா?" என்றேன். அதற்கும் அசையவில்லை. அமுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஈரம் வந்தது.

இனி நான் கேட்க மாட்டேன். நீங்களும் கேட்கச் சொல்லக் கூடாது.

கமலாக்ஷி


பனையடிப்பட்டி
28.10.2022

கமலாக்ஷிக்கு,

நட்டுவிட்டேன்.

முதல் மழை விழுந்ததும் பக்கத்து வீட்டுச் சீனியம்மாளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கடப்பாரை போட, நான் அள்ளினேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் மேற்கு ஓரம் ஆகவில்லை, மூன்று குழிகளை மூடிவிட்டு மேட்டில் வேறு எடுத்தோம். கவரைக் கிழித்தால் வேர் பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கிறது. வெட்டு என்று நீ எழுதியிருந்தாய். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சீனியம்மாள்தான், "வெட்டுத்தா, அந்த மனுசன் சொல்லாமலா அந்தப் பொம்பள எழுதியிருப்பா" என்றாள். வெட்டினேன். ஊரில் உன்னைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எருக்கும் ஆவாரையும் அறுத்து மூடியாயிற்று. ஆட்டுக்குக் கருவேல முள் அடைத்திருக்கிறேன். அண்ணன் வரப்பில் வந்து நின்று பார்த்தார். கன்று நட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுதானே அர்த்தம். வந்த வழியே திரும்பிவிட்டார். சாயங்காலம் அண்ணியிடமிருந்து வரும் குழம்பு அன்றைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அவர் காதில் சொல். ஒன்றுகூட வாடவில்லை என்று சொல். மாதுளையில் துளிர் விட்டிருக்கிறது என்று சொல்.

நான் வருகிறேன். கார்த்திகை பிறக்கட்டும், இந்த மழை ஒரு வழியாகட்டும். உன் வீட்டில் எங்கே உட்காருவது, உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. வந்தால் தெரியும். தென்காசியில் ரயில் ஏறினால் காலையில் எறணாகுளம் என்கிறார்கள். அவருக்குக் கருப்பட்டி மிட்டாய் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு வை.

சந்தனமாரி


கொச்சங்காடி
8.11.2022

அக்கா,

இன்று உங்கள் கடிதம் வந்தது. கருப்பட்டி மிட்டாய் என்ற இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

ராசப்பேட்டன் போய்விட்டார். நீங்கள் அந்தக் கடிதம் எழுதினதற்கு மறுநாள். காலையில் கஞ்சி கொடுத்தேன், இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது வாய் வெளியே வந்தது. முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பார்வை ஒரே இடத்தில் நிற்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், கேட்டேன், கை கையாகவே இருந்தது.

உங்கள் எண்ணுக்கு அடித்தேன். கூப்பிடாதே என்று எழுதியிருந்தீர்கள், ஆனாலும் இதற்குக் கூப்பிடாமல் எப்படி? உங்கள் அண்ணன் எடுத்தார். சொன்னேன். "அப்படி ஒரு ஆளு இங்க யாருக்கும் சொந்தமில்ல. என் தங்கச்சிக்கு அவன் எப்பவோ செத்தாச்சு" என்று வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. உங்களிடம் சொல்வார் என்று நினைத்தேன். நீங்கள் வருவீர்கள் என்று மறுநாள் சாயங்காலம் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தேன். வாசலில் யார் வந்தாலும் எழுந்து பார்த்தேன்.

அவரோடு சுமை தூக்கும் இசக்கிராஜாதான் கொள்ளி வைத்தார். சாம்பலில் பாதியைக் கடலில் விட்டாயிற்று. பாதி இங்கே இருக்கிறது. அது உங்களுடையது.

கிடங்கில் அடுத்த நாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். வீட்டுக்காரர் போனால் லீவு உண்டு, நான் வீட்டுக்காரி இல்லையே. போய்ச் சுக்கு பொறுக்கினேன். அழுதால் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்.

கன்றுகள் வாடவில்லை என்பதை அவர் காதில் சொல்ல முடியவில்லை. அதற்காக என்னை மன்னிக்க வேண்டும்.

கமலாக்ஷி


பனையடிப்பட்டி
15.11.2022

கமலாக்ஷி,

அண்ணன் என்னிடம் சொல்லவில்லை.

உன் கடிதம் வரும் வரை நான் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். பூ வைத்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு எடுத்த சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு கன்றுகளுக்குக் களை பிடுங்கினேன். எதிரே வந்த அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே போனார். நேற்று அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேன். "பதினெட்டு வருசமா உன்ன அறுதலி மாதிரி வச்சிருந்தவன் தான? இனிமே என்ன புதுசா?" என்றார். அவர் என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனாலும் உன்னிடம் போனில் பேச எனக்கு வராது, எழுதத்தான் வருகிறது. இனி அந்தப் படி மிதிக்கப் போவதில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு நாள் முழுக்க நீ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். எனக்காக யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறுகிறேன். சாம்பலை வைத்திரு.

சந்தனமாரி


கொச்சங்காடி
6.1.2023

அக்காவுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த விவரம் கிடைத்தது. சாம்பலைப் பாபநாசத்தில் ஆற்றில் விட்டது நல்லது.

நீங்கள் இருந்த அந்த நாட்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அஞ்சனா சேச்சி, "இது ஆரா கமலம்?" என்று கேட்டபோது நான் "ராசப்பேட்டனோட பாரியை" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. சொன்ன பிறகுதான் இருந்தது.

ஆனால் தாலியை நீங்கள் என்னைக் கழற்றச் சொல்லியிருக்கக் கூடாது அக்கா. "ஊர்ல இருந்தா நாலு பொம்பள இருப்பாளுக. இங்க நீதான் இருக்க, கழத்து" என்று கழுத்தைக் குனிந்து காட்டினீர்கள். கொக்கி துருப்பிடித்து வரவில்லை. ஊக்கால் நெம்பித்தான் எடுத்தேன். நீங்கள் அழுதீர்கள். எனக்கு அழ வந்தது வேறு எதற்கோ. கழற்றிக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லையே என்பதற்கு. அதை அன்றைக்குச் சொல்லவில்லை. இன்று எழுதுகிறேன், தப்பாக எடுக்க வேண்டாம்.

இங்கே வேலியேற்றம். கடல் ஏறி ஓடை வழியாக உப்புவெள்ளம் பறம்பு முழுக்க வந்துவிட்டது. அடுக்களையில் கணுக்கால் அளவு. முன்பெல்லாம் ஒரு தடவை வந்து போகும், இந்த வருஷம் திரும்பத் திரும்ப வருகிறது. நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்களே, அந்தக் கொய்யா இலை ஓரம் கருகத் தொடங்கிவிட்டது. அவர் இருந்தால் வரப்புக் கட்டியிருப்பார். நான் மணல் சாக்கு போட்டேன். வெள்ளம் அதற்குக் கீழே வருகிறது.

உங்கள் கன்றுகள் எப்படி?

கமலாக்ஷி


பனையடிப்பட்டி
30.4.2023

கமலாக்ஷிக்கு,

பதில் எழுதாமல் இருந்தேன். நீ தாலி பற்றி எழுதியதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நான் யோசிக்காமல் செய்துவிட்டேன்.

கன்றுகள் பற்றிச் சொல்கிறேன். நல்ல செய்தி இல்லை. தை வரைக்கும் எல்லாம் நின்றன. மாசியில் நாவல் காய்ந்தது. மாதுளையைக் கரையான் தின்றுவிட்டது, எருக்கிலையை மாற்றிப் போடாமல் விட்டேன், என் சோம்பல்தான். கொச்சிக்கு வந்திருந்த நாட்களில் ஆடு புகுந்து சீத்தாவின் நுனியைக் கடித்திருந்தது, அது அப்புறம் தேறவில்லை. அண்ணன் கிணற்று மோட்டாரைப் பூட்டிவிட்டார். ஊருணியில் இருந்து குடத்தில் சுமக்கிறேன். அடியில் ஓட்டை போட்ட பழைய மண்பானையைக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து அதில் ஊற்றுகிறேன். கொய்யா மூன்று நிற்கிறது. அவ்வளவுதான்.

உன்னோடு சண்டை போடத்தான் நான் அங்கே வந்தேன். அவரோடு இனிப் போட முடியாது, உன்னோடாவது போடலாம் என்று ரயிலில் எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். நீ கப்பைக்கிழங்கும் மீனும் வைத்து, முள் எடுத்துக் கொடுத்தாய். எப்படிச் சண்டை போடுவது?

காய்ந்த குழிகள் அப்படியே இருக்கின்றன. மண் இப்போது முன் மாதிரி இல்லை, மூடி வைத்த இடமெல்லாம் கையால் கிளறினால் மண்புழு தெரிகிறது. மறுபடியும் நடலாம். எனக்குத் தனியாகக் கடப்பாரை தூக்க முடியவில்லை. சீனியம்மாள் மகன் வீட்டோடு திருப்பூர் போய்விட்டாள். ஆடியில் நீ வா. ஒரு மாதம் இரு. பிடித்தால் இன்னும் இரு. இங்கே வீடு முழுக்க நான் ஒருத்திதான்.

சந்தனமாரி


கொச்சங்காடி
20.7.2023

அக்காவுக்கு,

நீங்கள் கூப்பிட்டதை எத்தனையோ தடவை படித்தேன். பை எடுத்து இரண்டு சேலை வைத்தேன். பிறகு வெளியே எடுத்து வைத்தேன்.

நான் வரவில்லை அக்கா. கோபம் இல்லை. அங்கே வந்தால் உங்கள் கல்யாண போட்டோ சுவரில் இருக்கும். அவர் குளித்த கிணறு, உட்கார்ந்த இடம், அவரைச் சின்ன வயதில் தெரிந்தவர்கள் எல்லாம் இருக்கும். எனக்குத் தெரிந்தது கொச்சங்காடியில் இருந்த ராசப்பேட்டன் மட்டும்தான். சாயா குடித்துக்கொண்டே மலையாளப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள். அது கொஞ்சம்தான், ஆனாலும் எனக்கு இருப்பது அதுதான். அங்கே வந்து பார்த்தால் அதுவும் சின்னதாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. நீங்கள் இங்கே வந்தீர்கள், தைரியமாக எல்லாவற்றையும் பார்த்தீர்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

கொய்யா போய்விட்டது. உப்பு இறங்கின மண்ணில் வேர் அழுகி, மீன மாதத்திலேயே, உங்கள் பங்குனியில், இலை முழுக்கக் கொட்டியது. கிழக்குப் பக்கக் கிளை ஒன்றில் மட்டும் உயிர் இருந்தது. அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேனே, பட்டையைச் சுற்றி எடுத்து, ஈரச் சகிரிச்சோறு வைத்துக் கட்டினேன். அதுதான், தேங்காய் நாரிலிருந்து உதிரும் தூள். நான்கு கட்டினதில் இரண்டு வேர் விட்டிருக்கிறது. கவரில் மாற்றி வைத்திருக்கிறேன். இசக்கிராஜா ஆவணியில் ஊருக்கு வருகிறார், கொடுத்துவிடுகிறேன்.

பறம்பில் இப்போது ஒன்றும் இல்லை. அடுக்களைக் கதவைத் திறந்தால் நேராக அடுத்த வீட்டுச் சுவர் தெரிகிறது. வெளிச்சம் அதிகம்.

கமலாக்ஷி


பனையடிப்பட்டி
26.10.2023

கமலாக்ஷிக்கு,

இசக்கிராஜா கொண்டுவந்த இரண்டு பதியனும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மழை வரட்டும் என்று நிழலில் வைத்திருந்தேன். புரட்டாசி முழுக்க ஒரு துளி இல்லை. ஐப்பசி பிறந்து ஒரு வாரம் ஆகியும் வானம் வெளுத்தே கிடந்தது. இனியும் கவரில் வைத்திருந்தால் வேர் சுருண்டுவிடும் என்று இன்று காலையில் எடுத்துக்கொண்டு போனேன். பழைய குழி இரண்டைக் கொத்தி அகலப்படுத்தினேன். மெதுவாகத்தான் முடிந்தது. நட்டு, குடத்தில் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி, தழையால் மூடிவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன்.

நீ வராததைப் பற்றி அப்போது நினைத்தேன். நீ எழுதியது சரிதான். போட்டோ சுவரில்தான் இருக்கிறது. எடுத்து உள்ளே வைத்துவிட்டு உன்னைக் கூப்பிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எடுக்க மனசு வரவில்லை. அதனால் நீ வர வேண்டாம். இப்படியே இருப்போம்.

எழுந்து நாலு எட்டு வைத்திருப்பேன், மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. ஒதுங்க இடம் இல்லை, நனைந்துகொண்டே நின்று பார்த்தேன். பிறை வரப்புக்குள் தண்ணீர் ஏறி நின்று, மெல்ல இறங்கி, மறுபடியும் ஏறியது. ஒரு பொட்டு வெளியே ஓடவில்லை.

ஓட்டமும் நடையுமாக ஊருக்குள் வந்தேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று. சீனியம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது. அண்ணன் வீட்டு முன்னால் கால் தானாக நின்றது, பிறகு நடந்தது. தெருவில் வேறு யாருக்கு இது வேண்டும்? வீட்டுக்கு வந்து, இன்று நட்டேன், இன்றே மழை பெய்தது என்று சொல்ல இந்த உலகத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

அதுதான் தலையைக்கூடத் துவட்டாமல் எழுதுகிறேன்.

சந்தனமாரி